வராத படத்துக்கு ஒரு பொம்மை: முத்தியால்பேட்டை ரெசின் பிரிண்ட் கடை அனுபவம்

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படியில் ஒரு புதுப் பொம்மை வைத்தேன். செட்டியார் கடைக்கும் கிரிக்கெட் அணிக்கும் நடுவில் இடம். கூம்பு மாதிரி கறுத்த உடம்பு, மேலே கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் வற்றிப்போன ஒரு மண்டையோடு. சுண்டல் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அதன் முன்னால் குனிந்து, "இது எந்தப் படத்துல வருது?" என்று கேட்டார்கள். எந்தப் படத்திலும் வரவில்லை. வந்திருக்க வேண்டிய படம் 1998-லேயே நின்றுபோனது. அந்தப் பொம்மையை எனக்குச் செய்து கொடுத்த புதுச்சேரிக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இப்போதுதான் நேரம் கிடைத்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கண் பொம்மைத் தொழில் பார்த்த கண். சொந்த ஊர் பண்ருட்டி. தாத்தா காலத்திலிருந்து காகிதக்கூழ் பொம்மைதான் எங்கள் சோறு. கல்யாணமாகிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இன்றும் ஆடி பிறந்தால் அண்ணன் பட்டறைக்குப் போய்விடுவேன். முகம் எழுதுவதும் கண் திறப்பதும் என் வேலை. ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் முதுகைத் திருப்பி, அச்சு சேர்ந்த கோடு எங்கே ஓடுகிறது என்றுதான் பார்ப்பேன்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன்தான் அந்த ஆவணப்படத்தைப் போட்டான். 'சூப்பர்மேன் லிவ்ஸ்' என்று ஒரு படம் எடுக்கப் போய் எப்படி நின்றுபோனது என்று ஜான் ஷ்னெப் 2015-ல் எடுத்தது. டிம் பர்ட்டன் இயக்கம், நிக்கோலஸ் கேஜ் சூப்பர்மேன், வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. 1998-ல் வெளியிடுவதாகத் திட்டம். நாயகன் உடுப்பை மாட்டிப் பார்த்தாயிற்று, சுவர் முழுக்க ஓவியம் ஒட்டியாயிற்று, சுமார் 3 கோடி டாலர் செலவாகிவிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள். ஒரு நாள்கூடப் படப்பிடிப்பு நடக்கவில்லை. நீளமான கறுப்பு முடியும் மினுமினுக்கும் நீல உடுப்புமாகக் கேஜ் நிற்கும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறு ஒரு விஷயத்தில். அந்தப் படத்துக்கு வரைந்த சில்வான் டெஸ்ப்ரெட்ஸ் என்ற ஓவியர் சொல்லியிருக்கிறார்: தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் பிள்ளைகளை ஓவியப் பிரிவுக்கு அழைத்து வருவாராம். சுவரில் இருக்கும் படங்களில் எது நல்ல பொம்மையாகும் என்று பிள்ளைகள் மதிப்பெண் போடுவார்களாம். நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் ஒரு மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, வில்லனுடைய விண்கலம் அந்த வடிவத்தில் வேண்டும் என்றாராம். திரைக்கதை எழுதிய கெவின் ஸ்மித்தும் மேடைகளில் இதே மாதிரி சொல்லியிருக்கிறார். பறக்கக் கூடாது, வழக்கமான உடுப்பு கூடாது, கடைசியில் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை வேண்டும் என்று அவரிடம் கேட்டார்களாம். பொம்மையாக விற்பதற்கு ஒரு விண்வெளி நாயையும் கதையில் நுழைக்கச் சொன்னார்களாம்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. எங்கள் அப்பாவும் தெருப் பிள்ளைகளைப் பட்டறைக்குள் கூப்பிட்டுக் காட்டுவார். ஆனால் மண்ணில் பிடித்து முடித்த பொம்மையைக் காட்டுவார். எதைத் தொடுகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்ப்பார். கதை இன்னும் பிறக்காதபோது காகிதத்தில் இருப்பதைக் காட்டி மதிப்பெண் கேட்டால், கதை பொம்மைக்குப் பின்னால் ஓடத்தான் செய்யும். அவர்கள் அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். அந்தக் காலத்தில் முன்மாதிரியை இரண்டு மடங்கு அளவில் மெழுகில் செதுக்கி, பிறகு சுருக்கி, அச்சுக்கு அனுப்புவார்கள். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. படம் வெளியாகும் நாளில் கடையில் பொம்மை இருக்க வேண்டுமென்றால் இயக்குநருக்கு முன்னால் பொம்மைக்காரன் முடிவெடுக்க வேண்டும். எங்களுக்கே புரட்டாசிக் கொலுவுக்குத் தை மாதம் வேலை தொடங்கிவிடுகிறதே.

அந்தச் சிலந்தி எப்படியோ பிழைத்துக்கொண்டது. 1999-ல் அதே தயாரிப்பாளரின் 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' படத்தில் இரும்புச் சிலந்தியாக வந்தது. 2023-ல் 'தி ஃப்ளாஷ்' படத்தில் கேஜ் சூப்பர்மேனாக ஒரு நிமிடம் தோன்றியபோதும் சிலந்தி கூடவே வந்தது. வராமலே போனது பிரெய்னியாக். அந்த வில்லனுக்காகப் பர்ட்டன் தன் கையால் கொடுத்த படத்தை டெஸ்ப்ரெட்ஸ் இப்படி விவரிக்கிறார்: மந்திரவாதியின் கூம்புத் தொப்பியை வைத்து, அதன் மேல் மீன் தொட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே ஒரு மண்டையோட்டைப் போட்டது போல. இதைக் கேட்டதும் எனக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிதான் கண்ணில் வந்தது. கீழே அகலம், மேலே தலை, கை கால் இல்லை. இதைவிட அச்சுக்கு ஏற்ற பொம்மை உண்டா! இதை யாராவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காகிதக்கூழில் கூம்பு சுலபம். கிண்ணம்தான் முடியாது. கூழில் கண்ணாடி வராது. அதனால்தான் ரெசின் பிரிண்ட்டுக்குப் போனேன், அதாவது திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைத்து உருவம் எடுக்கும் முறைக்கு. இதற்கு முன் வேறு ஒரு ஊரில் ஒரு கடைக்குப் படத்தை அனுப்பிப் பார்த்தேன். எடை எவ்வளவு, கிராமுக்கு இவ்வளவு என்று பதில் வந்தது. இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த கூம்பு பக்கத்தில் வெடித்து, உள்ளிருந்து பிசுபிசுவென்று காயாத ரெசின் வடிந்தது. அந்தக் கடை பெயர் வேண்டாம், பணம் போனது போகட்டும்.

முத்தியால்பேட்டைக் கடை மணிக்கூண்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடி அறையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு அக்காவும் தம்பியும் நடத்துகிறார்கள். அந்தப் பெண் கணினியில் உருவம் பிடிக்கிறாள், தம்பி இயந்திரம் பார்க்கிறான். கடலூரிலிருந்து பஸ் ஏறி நான்கு முறை போய்வந்தேன்.

முதல் நாளே அந்தப் பெண் கேட்ட கேள்வியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "அக்கா, மண்டையோடு எந்தப் பக்கம் பார்க்கணும்? நேரா வெச்சா செத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் குனிஞ்சா யோசிக்கிற மாதிரி இருக்கும்."

கை கால் இல்லாத பொம்மைக்குத் தலையின் சாய்வுதான் பேச்சு. இதை எனக்கு அப்பா சொல்லிக்கொடுக்க இரண்டு வருடம் ஆனது. இந்தப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். சுண்டுவிரல் நுனி அளவில் மூன்று மண்டையோடுகளை மூன்று சாய்வில் அச்சடித்து, காசு வாங்காமல், மேசையில் வரிசையாக வைத்தாள். நடுவில் இருந்ததை எடுத்தேன். முகவாய் சற்றே உள்ளே இழுத்து, புருவ எலும்புக்குக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. தலையை ஊசியில் தொங்கவிட்டுத் தலையாட்டி போல ஆட வைக்கலாமா என்று தம்பி கேட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வரைந்தவர் கொடுத்ததில் அது இல்லை. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த உருவத்தில் நம் ஆசையைக் கலக்கக் கூடாது என்று வேண்டாம் என்றேன்.

மொத்த உயரம் 20 செ.மீ. அதில் கூம்பு 14, கிண்ணம் 6. ஒரு அடுக்குக்கு 0.05 மி.மீ. கணக்கு, ஆக, கிண்ணத்துக்கு மட்டும் 1,200 அடுக்கு. கூம்பை 3 மி.மீ. சுவர் வைத்து உள்ளே கூடாகச் செய்து, அடியில் இரண்டு துளை விட்டிருந்தார்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் உள்ளே ரெசின் தங்கி, பிறகு வெடிக்கும் என்று தம்பி விளக்கினான். பழைய கூம்புக்கு என்ன ஆயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. அச்சடித்ததை ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கின் கீழ் காயவைக்கிறார்கள். நாங்கள் வெயிலில் காயவைப்பதுபோலத்தான். முதுகைத் திருப்பிப் பார்த்தேன், கோடே இல்லை. அச்சு இரண்டாகப் பிரியாத பொம்மையை வாழ்க்கையில் முதல்முறை தொட்டேன். அச்சடிக்கும்போது உருவத்தைத் தாங்கி நிற்கும் குச்சிகளை ஒடித்த இடத்தில் மட்டும் அரிசி நுனி அளவுக்குப் புள்ளிகள் இருந்தன. அதைத் தேய்த்துக் கொடுப்பது அவர்கள் வேலை என்றாலும், கூம்பின் அடிவிளிம்பில் ஐந்தாறு அப்படியே நின்றன. வீட்டில் நானே வாட்டர் பேப்பர் போட்டேன்.

குறை என்றால் கிண்ணம்தான். முதல் கிண்ணம் மஞ்சளித்துப்போனது. விளக்கின் கீழ் அதிக நேரம் வைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டு, கேட்காமலே வேறொன்று அடித்தார்கள். அது தெளிவாக வந்தது, ஆனால் நவராத்திரிக்கு நாலே நாள் இருந்தபோதுதான் கைக்கு வந்தது. ஐந்து மாதம் கழித்து இப்போது பார்த்தால் விளிம்பில் லேசாகத் தேன் நிறம் ஏறியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்று முன்பே சொன்னார்கள், நான்தான் வைத்தேன். கண்ணாடி போலவே என்றென்றும் இருக்கும் என்று எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம்.

வண்ணம் என் கையால். பட்டறையில் பூசும் எமல்ஷனை நேராகப் பூசினேன், மறுநாள் நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்தது. ப்ரைமர் அடித்த பிறகே பிடித்தது. கூம்புக்குக் கறுப்பு, அதன் மேல் ஈரம் காயும் முன் பச்சை தடவினேன். காமிக்ஸில் பிரெய்னியாக் பச்சை நிறம்தானே. மண்டையோட்டுக்குப் பழைய தந்த நிறம். கடைசியில் கண் திறக்க வேண்டிய நேரத்தில் தூரிகையோடு உட்கார்ந்துவிட்டேன். கண் திறக்காத பொம்மையை எங்கள் பட்டறை வாசலைத் தாண்டவிட மாட்டோம். இதற்குக் கண்ணே இல்லை, குழிதான். வெகுநேரம் யோசித்து, இரண்டு குழிகளின் ஆழத்திலும் மூன்று முடித் தூரிகையால் கடுகில் பாதி அளவுக்குப் பச்சைப் பொட்டு வைத்தேன். நேராகப் பார்த்தால் தெரியாது. கொலு விளக்கு பக்கத்திலிருந்து அடிக்கும்போது தெரியும்.

உருவம் பிடிக்க 1,500 ரூபாய், அச்சடிக்க 2,800. மொத்தம் 4,300, இருபத்து மூன்று நாள். பண்ருட்டியில் இந்தக் காசுக்கு ஒரு தசாவதார செட்டே வாங்கலாம் என்று அண்ணன் சொன்னார், உண்மைதான். ஆனால் அங்கே ஒரு அச்சு பல நூறு பொம்மைக்குப் பங்கு போடப்படுகிறது. இங்கே ஒன்றே ஒன்றுக்குத்தான் மொத்த உழைப்பும். என் வீட்டுக் கொலுவுக்கு மட்டும் என்பதால் செய்தார்கள். விற்பதற்கு என்றால் உரிமை அடுத்தவருடையது, செய்ய மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதுவும் எனக்குப் பிடித்தது.

பொம்மையைப் பார்த்துவிட்டு அண்ணன் பரணில் ஏறி, அப்பா செய்த ஜல்லிக்கட்டு செட்டின் அச்சுகளை இறக்கினார். காளை ஒன்று, வீரர்கள் ஐந்து பேர். ஒரு வியாபாரி ஆர்டர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கியதால் ஒருமுறைகூட வார்க்காத அச்சுகள். காளை அச்சில் ஒரு பாதி கரையான் மண்ணோடு உதிர்ந்துபோயிருந்தது. மிச்சமுள்ள பாதியை முத்தியால்பேட்டைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். அந்தப் பெண் அதைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, "இந்தப் பக்கத்தை வெச்சு அந்தப் பக்கத்தைக் கணினியில பிடிச்சிடலாம்க்கா, ஆனா கொம்பு ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சிருந்துச்சா?" என்று கேட்டாள். அப்பா ஒரு கொம்பைக் கொஞ்சம் உள்வாங்கித்தான் பிடித்திருந்தார். அண்ணனுக்கு நினைவிருக்கிறது. அடுத்த வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.