டேபிள் மவுண்டன்: டிசம்பரா, ஜூலையா?

டேபிள் மவுண்டன் மலை இருக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. மழை குறைவு, சாயங்காலம் ஏழரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். ஆனால் தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் கடல் ஈரம் மலைமேல் ஏறி, வெள்ளை மேகமாகப் படர்ந்து, விளிம்பில் அருவி மாதிரி வழியும். கீழே ஊரில் வெயில் கொளுத்தும்போதே உச்சியில் எதிரே நிற்பவர் தெரியமாட்டார், கேபிள் காரையும் நிறுத்திவிடுவார்கள். பிளாட்டெக்லிப் பாதையில் நடந்து ஏறுகிறவர்களுக்கு நிழல் என்பதே அபூர்வம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், மழைக்காலமும் அதுதான். வடமேற்கிலிருந்து மழை வந்தால் பாறை வழுக்கும், அன்று ஏறவே வேண்டாம். கேபிள் காரை வருடாந்திரப் பராமரிப்புக்காக மூடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மழைக்கு நடுவே காற்றே இல்லாமல் பளிச்சென்று சில நாட்கள் கிடைக்கும், நடக்க அதைவிட நல்ல நாள் கோடையில் கிடைக்காது.

கையில் இரண்டே நாள் என்றால் கோடை. ஒரு வாரம் இருந்தால் நான் ஜூலைதான் சொல்வேன். அப்புறம், உச்சி 1,000 மீட்டருக்கு மேல், எந்த மாதமானாலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.