எச்டிடிபி 1.1, 2, 3: எதை எங்கே வைப்பது?

எச்டிடிபி என்பது பிரவுசரும் தளத்தின் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி; 1.1, 2, 3 அதன் பதிப்புகள். பேச்சு மூன்றிலும் ஒன்றுதான். பிரவுசர் கெட் (கொடு) என்றோ போஸ்ட் (இதை வாங்கிக்கொள்) என்றோ கேட்கும். சர்வர் 200 (சரி), 404 (கிடைக்கவில்லை) என்று ஓர் எண்ணோடு பதில் தரும். ஹெடரும் (கூடவே போகும் விவரக் குறிப்புகள்) குக்கியும் அப்படியே இருக்கின்றன. மாறியது, இவை பயணிக்கும் விதம்.

1997-இல் வந்த 1.1-இல், நடைமுறையில், ஒரு பதில் முழுதாக வந்த பிறகுதான் அதே இணைப்பில் அடுத்த கோரிக்கை போகும். அதனால் பிரவுசர்கள் ஒரு தளத்துக்கு 6 இணைப்புகள் வரை திறக்கின்றன. பக்கத்தில் 40 படம் இருந்தால் மீதி 34 வரிசையில் நிற்கும். சின்னப் படங்களை ஒரே படமாக ஒட்டியதெல்லாம் இதைச் சமாளிக்கத்தான். ஆனால் கோரிக்கையும் ஹெடரும் வெறும் எழுத்து, கண்ணால் படிக்கலாம். பிழை தேட இதைவிடச் சுலபமானது இல்லை.

2015-இல் வந்த 2, கூகுளின் ஸ்பீடி என்ற சோதனை நெறிமுறையிலிருந்து பிறந்தது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் துண்டு துண்டாகக் கலந்து ஓடும். ஹெடர்களும் சுருங்கிவிடும். கேட்காததையும் சர்வரே முந்தித் தள்ளும் 'சர்வர் புஷ்' வசதியைப் பெரிதாகப் பேசினார்கள். 2022-இல் குரோமே அதைக் கைவிட்டது. சரி, அது போகட்டும். உண்மையான சிக்கல், அடியில் இருந்து தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி. ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், ஒற்றைப் பாதையில் லாரி பழுதான மாதிரி, பின்னால் வந்து சேர்ந்த எல்லாமே நிற்கும். சிக்னல் மோசமான இடத்தில் பழைய 6 இணைப்புகளே தேவலை என்றாகிவிடும்.

3 அந்த டிசிபியையே விட்டுவிட்டது. வரிசை பார்க்காமல் அனுப்பும் யுடிபி மேல் ஓடும் குவிக் என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. 2022-இல் தரநிலை ஆனது. தொலைந்த பாக்கெட்டில் எந்தக் கோரிக்கையின் தரவு இருந்ததோ அது மட்டும் காத்திருக்கும். டிசிபியும் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.3-உம் சேர்ந்து புது இணைப்புக்கு 2 சுற்று (போய்வரும் பயணம்) எடுத்தால், இதற்கு 1 போதும். இந்தியாவிலிருந்து அமெரிக்க சர்வருக்கு ஒரு சுற்றே சுமார் 200 மில்லி விநாடி என்பதால் இது கண்ணுக்குத் தெரியும் லாபம். அப்புறம், இணைப்புக்குத் தனி அடையாளம் உண்டு. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி ஐபி முகவரியே மாறினாலும், அதே இணைப்பைத் தொடர வழி இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில அலுவலக ஃபயர்வால்கள் 3 வழக்கமாக வரும் வாசலான யுடிபி 443 போர்ட்டை அடைத்துவிடும். சிபியு செலவும் பெரும்பாலும் கூடுதல். தவிர, தளம் 3 பேசும் என்பதை முதல் பதிலின் ஹெடரைப் பார்த்துத்தான் பிரவுசர் பல நேரம் தெரிந்துகொள்கிறது. ஆகவே 2-ஐ எடுத்துவிட முடியாது.

வாசகர்கள் பெரும்பாலும் மொபைலில் வருகிறார்கள் என்றால், 2-உடன் 3-ஐயும் திறந்து வைப்பேன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் 1.25.0 முதல் இது உண்டு. என்ஜின்எக்ஸுக்குப் பின்னால், ஒரே டேட்டா சென்டருக்குள் இருக்கும் ஆப் சர்வரோடு பேச 1.1 தாராளம்.