சால்னா குடித்த நாயும் மூன்று யோசனைகளும்

திருப்பாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்த பரோட்டாப் பொட்டலத்தைச் சிப்பிப்பாறை நாய் கிழித்து, சால்னாவை இலையோடு நக்கி முடித்திருந்த இரவில், ஆளுக்கொரு யோசனை வந்தது. “ஒண்ணும் செய்யாது, விடுப்பா” என்றார் அப்பத்தா. நாயை வாந்தியெடுக்க வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரில் உப்பைக் கரைத்தார். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகத் தம்பி ஆட்டோ பிடிக்கக் கிளம்பினான்.

மூன்றில் மோசமானது உப்புத் தண்ணீர்தான். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு இரத்தத்தில் ஏறி, நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடும். தின்றது கோழி எலும்பாக இருந்தால், உள்ளே போகும்போது கிழிக்காத சில்லு வாந்தியோடு வெளியே வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கலாம்.

பேசாமல் விட்டுவிடுவது இட்லிக்கும் வெறும் சோற்றுக்கும் பொருந்தும், வெங்காயத்துக்குப் பொருந்தாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் பெரும்பாலும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், மறுநாள் வாலாட்டுவதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் முதல் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. எங்கள் நாய் 15 கிலோ; அதற்கு 225 கிராம் வேண்டும். ஒரு பொட்டலச் சால்னாவில் அவ்வளவு இருக்காது. தொலைபேசியில் கால்நடை மருத்துவரும் அதையே சொல்லி, ஒரு வாரம் ஈற்றின் நிறத்தைப் பார்த்துவரச் சொன்னார். ஆக, அன்று வென்றது அப்பத்தாவின் யோசனை, அவர் சொன்ன காரணத்தால் அல்ல என்றாலும்.

உலர் திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலைத் தின்றிருந்தால் நான் தம்பியின் ஆட்டோவில் ஏறியிருப்பேன். திராட்சையில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் பழுதாகிவிடும். மருத்துவர் ஊசி போட்டு வாந்தியெடுக்க வைப்பது, தின்று சுமார் 2 மணி நேரத்துக்குள் நன்றாகப் பலன் தரும். சாக்லேட்டுக்கும் இதே அவசரம் உண்டு, கறுப்புச் சாக்லேட் என்றால் இன்னும் கூடுதலாக.

தொலைபேசியில் மருத்துவர் கேட்ட இன்னொரு கேள்வி எங்களில் யாருக்கும் தோன்றாதது: “சால்னா கட்டியிருந்த பிளாஸ்டிக் பை முழுசா இருக்கா?” கிழிசல்களைத் தரையில் பரப்பிப் பொருத்திப் பார்த்தோம், நூல் கட்டிய முடிச்சு மட்டும் இல்லை. வாந்தி எடுக்கிறதா, சாப்பிட மறுக்கிறதா என்று இரண்டு நாள் கவனித்தோம். மூன்றாம் நாள் காலை, கொல்லையில், அந்த முடிச்சு மலத்தோடு வந்து சேர்ந்தது.