சுங்கை சிப்புட்டிலிருந்து எச்சிஐ முதுகலை: எந்த வழி யாருக்குக் கட்டுப்படியாகும்?

மனித–கணினி ஊடாட்டம், சுருக்கமாக எச்சிஐ: மனிதர்கள் கணினியையும் கைப்பேசியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் துறை. இதில் மாஸ்டர்ஸ் செய்ய விரும்பும், பேராவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டதாரிக்கு மூன்று வழிகள் உண்டு: வேலையை விடாமல் உள்ளூரில் வகுப்புப் பாடங்களாகப் படிக்கும் கோர்ஸ்வொர்க், உள்ளூரிலேயே முழு ஆய்வு, இல்லாவிட்டால் வெளிநாடு. பலர் முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேறும் என்பதை.

மலேசியத் தகுதி ஆணையமான எம்கியூஏ-யின் விதிப்படி கோர்ஸ்வொர்க் முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. மொத்தம் 1,600 மணி நேரம் ஆகிறது. ஓராண்டில் முடிக்க வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் தேவை; இரண்டாண்டில் என்றால் ஏறக்குறைய 15 மணி நேரம் போதும். பயணம் இந்தக் கணக்கில் சேராது. ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் போக மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை வகுப்புக்குப் போய் வருவதிலேயே அன்றைய நாள் போய்விடும். தோட்டத்து ஆபிசில் கிராணி வேலையோ ஈப்போவில் ஐடி வேலையோ பார்த்துக்கொண்டு, "ஓராண்டில் முடிக்கலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தலை கிறுகிறுப்பது இரண்டாவது செமஸ்டரில்தான் தெரியும்.

கோர்ஸ்வொர்க்கில் ஏமாறும் இடம் வேறு. உள்ளூரில் எச்சிஐ பெரும்பாலும் கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், மல்டிமீடியா ஆகிய பட்டங்களுக்குள் ஒரு பாடமாக ஒளிந்திருக்கும். 40 கிரெடிட்டில் மூன்று கிரெடிட் மட்டும் எச்சிஐ என்றால், அது கணினிப் பட்டம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஊடாட்ட வடிவமைப்பு, பயன்பாட்டுச் சோதனை, ஆய்வுமுறை, புள்ளியியல், இறுதிப் புராஜெக்ட் ஆகிய ஐந்தின் கிரெடிட்டையும் கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் பரவாயில்லை. தாண்டாவிட்டாலும், புராஜெக்டை எச்சிஐ விரிவுரையாளரிடம் செய்ய முடியும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தால் யோசிக்கலாம். மல்டிமீடியா என்ற பெயரில் திரையை அழகாக வரைய மட்டும் கற்றுக்கொடுக்கும் படிப்பு இந்த வேலைக்கு உதவாது. பயனரை உட்கார வைத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கப் பழக்குவதுதான் எச்சிஐ.

ஆய்வு வழியில் கிரெடிட் கணக்கே கிடையாது, ஆய்வேடுதான் எல்லாம். பேராக்காரர்களுக்கு இது ஈர்ப்பாக இருக்கும். ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் யூடார் பல்கலைக்கழகம் என இரண்டும் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாராவாரம் வகுப்புக்கு ஓட வேண்டியதில்லை. மாநிலத்துக்கு வெளியே, சிலாங்கூரின் பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் காட்சித் தகவலியல் கழகம் இருக்கிறது. ஆனால் இங்கே பல்கலைக்கழகத்தைவிட மேற்பார்வையாளர் முக்கியம். கணினித் துறைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி தளத்தில் அவர் பெயரைத் தேடி, கடந்த மூன்று ஆண்டுகளில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கட்டுரைகள் எல்லாம் பட அடையாளம் காணும் அல்காரிதம் பற்றியே இருந்தால், தன் இணையப் பக்கத்தில் எச்சிஐ என்று போட்டிருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள், அவர்களில் பயனர் சோதனை செய்தவர் எவர் என்றும் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் இரண்டாண்டு தள்ளுவது கஷ்டம்.

ஆய்வு தேங்குவது பெரும்பாலும் நெறிமுறைக் குழு ஒப்புதலில். மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய மலாயாப் பல்கலைக்கழகத்தில் யூஎம்ரெக், யூஎஸ்எம்மில் ஜெப்பெம் போன்ற குழுக்களிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வரும் முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். கட்டணம் மட்டும் செமஸ்டர்தோறும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் செமஸ்டரிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.

தோட்ட நகரில் இருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. வளாகத்து மாணவர் இருபது பேரை வைத்து முடித்த ஆய்வுகளைத் தேர்வாளர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மட்டும் அனுப்பும் அறுபது வயது செம்பனைத் தொழிலாளி ஒரு இ-வாலட்டைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்குரிய ஆட்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். திரையில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொன்னது பிரபலம். ஆனால் இரண்டு வடிவங்களை எண்ணிக்கையால் ஒப்பிட ஐந்து பேர் போதவே போதாது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாப்பட்டியலில் பத்துக் கூற்றுகள், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக வரும். அதைத் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டினால், எதிர்மறைக் கூற்றுக்கும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிடுவார்கள், மதிப்பெண் கெட்டுப்போகும். முதலில் நான்கைந்து பேரிடம் முன்னோட்டம் பார்த்து, வாக்கியங்களைத் திருத்திக்கொண்ட பிறகே உண்மைச் சோதனைக்குப் போங்கள்.

வெளிநாட்டில் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது, பணம்தான் சிக்கல். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் எச்சிஐ எம்எஸ்சி முழுநேரமாக ஓராண்டு, 180 கிரெடிட்; பிரிட்டிஷ் கணக்கில் கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம், ஆக 1,800 மணி நேரம். உளவியல் பின்னணியும் ஆய்வுமுறையும் கனமானவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், 1994இல் தொடங்கிய தன் எச்சிஐ கழகத்தில், உண்மையான நிறுவனம் ஒன்றுக்கு மாணவர் குழு செய்துதரும் நீண்ட புராஜெக்டை மையமாக வைத்திருக்கிறது. வேலைக்கு நேராகப் போகிறவர்க்கு அது ஏற்றது. அமெரிக்காவிலேயே ஜார்ஜியா டெக்கில் இரண்டாண்டு. கணினி, உளவியல், தொழில் வடிவமைப்பு, ஊடகம் என நான்கு துறைகளில் ஒன்றின் வழியாகவே நுழைய வேண்டும். கணினிப் பட்டதாரிக்கு இது வசதி. வரைந்து காட்ட எதுவும் இல்லாதவர் வடிவமைப்புத் துறை வழியாக விண்ணப்பிப்பது வீண். ஐரோப்பாவில், பின்லாந்தின் தம்பெரே போன்ற இடங்களில் 120 ஐரோப்பியக் கிரெடிட், 3,000 மணி நேரத்துக்குக் குறையாது. நிதானமாகப் படிக்க விரும்புகிறவர்க்கு நல்லது.

லண்டனில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து இரண்டு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். உதவித்தொகை இல்லாமல், வீட்டை அடகு வைத்துப் போவதற்கு இந்தத் துறை தகுதியானதல்ல. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், அதாவது ஏறக்குறைய இரண்டாண்டு வேலை. படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். இளங்கலை முடிந்த கையோடு விண்ணப்பிக்க முடியாது என்பதால், அந்த இடைவெளியில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பயனர் சோதனை அறிக்கைகளைத் தயார் செய்து வைக்கலாம்.

உள்ளூரில் படித்தால் இரண்டு சலுகைகள் உண்டு. முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கும். மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கூடமாக இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் செஜாதெரா கணக்கிலிருந்தும் கட்டணத்துக்கு எடுக்கலாம். முன்பணம் கட்டும் முன் எம்கியூஏ பதிவேட்டில் படிப்பின் முழுப் பெயரையும் தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பு, நீங்கள் படிக்கப்போகும் முறையோடு, அந்த வளாகத்தின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.