சிறு கப்பலா, பெருங்கப்பலா?

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன ஐயாக்கள் இறக்கிய பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் காரைக்குடி வீட்டில், அடுத்த விடுமுறைக்கு எந்தக் கப்பல் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு செல்லும் பெருங்கப்பலில் ஆட்டம் குறைவு, மருத்துவர் இருப்பார், ஜார்ஜ் டவுனில் இறங்கித் தண்ணீர்மலை முருகனையும் தரிசித்து வரலாம். முழங்கால் வலியுள்ள ஆச்சிக்கு இதுவே ஏற்றது.

ஆயினும் என் மனம் நிற்பது, இந்தோனேசியாவில், புளோரஸ் தீவின் லாபுவான் பாஜோ துறையிலிருந்து கொமோடோ தீவுகளுக்குப் புறப்படும் பினிசி மரக்கலத்தில்தான். தெற்குச் சுலாவெசித் தச்சர்கள், முதலில் விலாச்சட்டம் நிறுத்தாமல், பலகையோடு பலகையை மரமுளையால் இணைத்து உடலை எழுப்பிய பின்னரே உள்ளே சட்டங்களைப் பொருத்தும் இக்கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரு பாய்மரம், ஏழு பாய். இன்று பெரும்பாலும் எஞ்சினே ஓட்டுகிறது. பெருங்கப்பல் நெருங்க முடியாத பவளத்திட்டுக் குடாவில் இது நங்கூரமிட, சிறு படகில் ஏறிப் பாதார் தீவின் கரையில் கணுக்காலளவு நீரில் இறங்கலாம்.

அலை மிகுந்தால் இது நன்றாகவே ஆடும். ஆகவே மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை தவிர்ப்பது நல்லது. சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.