தேக்கு, ஆத்தங்குடிக் கல், 4×4: காரைக்குடியில் விலைக்கு நிற்கும் 407 கேம்பர்

காரைக்குடிப் பக்கம் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கிறது இந்த வண்டி. 2012 டாடா 407, 4×4 (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வகை), 2956 சிசி டீசல். பின்னால் பத்தடி நீளம், ஆறடி அகலத்துக்குக் கூண்டு கட்டி, படுக்கை, அடுப்பு, கழிப்பறை, சோலார் எல்லாம் வைத்து கேம்பராக்கியிருக்கிறார்கள். சொல்லும் விலை பதினெட்டரை லட்சம். கதவைத் திறந்ததும் யாரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் பழைய வீட்டிலிருந்து பிரித்தெடுத்த பர்மா தேக்கு, அலமாரிக்குப் பித்தளைக் கொண்டி. ஒரு வீட்டு முகப்பையே சக்கரத்தில் ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது. விலையில் பாதியை இந்த முகப்புக்குத்தான் கேட்கிறார்கள். வண்டியின் பெரிய கோளாறும் அதேதான்.

கணக்கைப் பாருங்கள். எட்டங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்த சிமெண்டுதான். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு கல் ஒன்றேமுக்கால் கிலோவை ஒட்டி வரும். இந்தத் தரைக்கு 90 கல் போட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய 160 கிலோ. அதற்குக் கீழே வீட்டுக்குப் போடுவது போலவே ஓரங்குலத்துக்கு மணல் சிமெண்ட் கலவை, அது இன்னொரு 185 கிலோ. ஆக, கால் வைக்கும் இடம் மட்டும் 345 கிலோ. தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் நிற்கும் மரம். அலமாரி, கட்டில், மேல் சட்டம் எல்லாம் சேர்த்து 200 கிலோவுக்குக் குறையாது. வீட்டில் இதெல்லாம் அழகு. சேசிஸ் மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மேல், இது சுமை.

இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் முதல் வேலை எடை மேடை. தண்ணீர்த் தொட்டியும் டீசலும் நிரப்பி, ஆளில்லாமல் மூன்று சீட்டு எடுக்க வேண்டும்: முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக, மொத்தம். இந்த வண்டி ஆளேறும் முன்பே ஆர்சியில் (பதிவுச் சான்றில்) அனுமதித்த மொத்த எடையை 110 கிலோ தாண்டி நிற்கிறது. கல்லையும் கலவையையும் பெயர்த்துவிட்டு 12 மி.மீ. மரைன் பிளை போட்டு மேலே வினைல் விரித்தால், பிளையின் எடை போக 200 கிலோ மிச்சமாகும். இரண்டு பேர், அவர்கள் துணிமணி, ஒரு வாரச் சாமான். அதோடு சரி. நாலு பேர் படுக்கலாம் என்று விற்கிறார்கள்; படுக்கலாம்தான், நிறுத்தி வைத்த இடத்தில்.

முன் ஆக்சில் சீட்டை இன்னொரு முறை பார்க்கச் சொல்வோம். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே ஏறும் எடை பின்பக்கத்தை அழுத்துவதோடு நிற்காது, ஏற்றச் சட்டம் போல முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாக இருப்பதை ‘ஸ்மூத்’ என்று சொல்லிக் காட்டுகிறார்கள். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும், அப்புறம் 4×4 எதற்கு? தொட்டி இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், சேசிஸ் ஓரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கூண்டு உட்கார்ந்திருக்கும் விதம். லாரி சேசிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. அது முறுக்கினால்தான் நாலு சக்கரமும் தரையில் இருக்கும். கூண்டோ முறுக்காத பெட்டி. இரண்டையும் சேர்த்து இறுக்கினால் ஒன்று உடையும். அதனால் நல்ல எக்ஸ்பெடிஷன் வண்டிகளில் கூண்டுக்குத் தனிச் சட்டம் போட்டு, மூன்று புள்ளியில் ஊசலாட விடுவார்கள், அல்லது போல்ட்டில் ஸ்பிரிங் கோத்து, சேசிஸ் முறுக்கும்போது கூண்டு விலகி மீண்டும் உட்காரும்படி வைப்பார்கள். இங்கே சாதாரண லாரித் தொட்டிக்குப் போடுகிற யூ போல்ட்டை ஆறு இடத்தில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது போதும்.

சோதிக்கச் செலவே இல்லை. ஒரு முன் சக்கரத்தைக் கண்மாய்க் கரைச் சரிவில் ஓரடி உயரத்துக்கு ஏற்றி, அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். இப்போது கூண்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். இந்த வண்டியில் கதவு மேல் மூலையில் இடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறது. தரையைப் பார்த்தால் கதை முழுசாகத் தெரியும். வாசல்படி ஓரத்திலிருந்து கட்டில் கால் வரை குறுக்காக ஒரே கோட்டில் ஏழு கல் வெடித்திருக்கிறது. மூன்றாவது கல்லில் பூ சரிபாதியாகப் பிளந்து, இடுக்கில் செம்மண் ஏறியிருக்கிறது. ‘பழசுண்ணே, அந்தக் காலத்துக் கல்லு’ என்பார்கள். வெடிப்பின் விளிம்பு புதுசாக, வெள்ளையாக இருக்கிறது.

கீழே குனிந்து பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஸ்பிரிங் பட்டைகள் முழுசு, மெயின் பட்டையில் வெடிப்பில்லை. பின்பக்கம் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். எடையைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரம்) மூன்றின் ஆயிலையும் தனித்தனியாகச் சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, வெள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். இங்கே மூன்றும் சுத்தம். முன் சக்கர முட்டியில் ஆயில் சீல் ஒரு பக்கம் கசிகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஒன்று ஆடுகிறது. இரண்டும் காரைக்குடியிலேயே ஒரு நாள் வேலை. 407 எடுப்பதில் உள்ள நிம்மதியே அதுதான்: எஞ்சினுக்கு எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். முன் ஆக்சில் சாமான் மட்டும் 4×4க்கே உரியது, அதை மதுரையிலோ திருச்சியிலோ சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது 4×4ஐ தாரில் போட்டுக் காட்டினால் சம்மதிக்காதீர்கள். நடு டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இல்லாத வண்டியில், வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். தாரில் சறுக்க வழியில்லாமல் கியர்கள் இறுகிக்கொள்ளும், லீவரை எடுக்கவே முடியாது. செம்மண் வண்டிப்பாதைக்குக் கொண்டு போய், உயர் கியரில் நூறடி, லோவில் கண்மாய்ச் சரிவு, பிறகு நிறுத்தி ரிவர்ஸ். ஒவ்வொன்றிலும் லீவர் ஒரே இழுப்பில் விழுந்து, ஒரே இழுப்பில் வர வேண்டும். இந்த வண்டி இதில் தேறுகிறது, கூண்டை விட்டால் நல்ல வண்டி. முன்னால் மாட்டியிருக்கும் வின்ச் மட்டும் பொம்மை. இழுவைத் திறன் 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ. சகதியில் புதைந்த வண்டியை இழுக்க மொத்த எடையில் ஒன்றரை மடங்காவது வேண்டும். ஏறக்குறைய ஐந்து டன் வண்டிக்கு இது ஜீப்பிலிருந்து கழற்றியது போல இருக்கிறது.

மின்சாரம்தான் பயப்பட வைக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2000 வாட் இன்வெர்ட்டருக்கு வீட்டுக்கு இழுக்கும் 6 சதுர மி.மீ. வயரைப் போட்டிருக்கிறார்கள். முழு லோடில் அந்த வயரில் 170 ஆம்புக்கு மேல் ஓடும். அதற்கு 70 சதுர மி.மீ. கேபிளும், பேட்டரியிலிருந்து ஓரடிக்குள் ஒரு ஃப்யூஸும் வேண்டும். இங்கே ஃப்யூஸே இல்லை. சுற்றிலும் காய்ந்த தேக்கு. பேட்டரி 150 ஆம்ப் ஹவர் டியூபுலர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், ஆகவே நம்பக்கூடியது 900 வாட் ஹவர்தான். ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும் ஓட்டினால் விடிவதற்குள் மூச்சு வாங்கும். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டி முறுக்கியிருக்கிறார்கள். பேனல் சூடாகச் சூடாக அது தரும் வாட் குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவில். சித்திரை வெயிலில் தகரக் கூரை மேல் 65 டிகிரி தொட்டால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அடியில் இரண்டங்குலம் காற்றுப் போக இடம் விட்டிருக்கலாம்.

கேஸ் சிலிண்டர் கட்டிலடியில், அடைத்த பெட்டியில். எல்பிஜி காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம். இல்லை. கழிப்பறை பரவாயில்லை. படுக்கை நன்றாக இருக்கிறது. கூரை மூலைகளில் சாதா சிலிகான் பூசியிருக்கிறார்கள். ஹோஸ் பைப்பில் இருபது நிமிடம் தண்ணீர் அடித்தால் இடது பின் மூலையில் தேக்குச் சட்டம் நனைகிறது. ஐப்பசி மழைக்கு முன் பாலியூரிதேன் சீலன்ட் போட வேண்டும்.

பேப்பருக்கு வருவோம். ஆர்சியில் வகை இன்னும் ‘கூட்ஸ் கேரியர்’ என்றே இருக்கிறது. ‘இத்தனை வருஷமா ஓட்டுறோம், யாரும் கேட்கலை’ என்பது பதிலாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரமே இருக்கிறது. கூட்ஸ் என்று இருக்கும் வரை எட்டு வருடத்துக்கு மேற்பட்ட இந்த வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று), அங்கே கூண்டைப் பார்த்தால் கேள்வி வரும். அதை விடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். சரக்கு வண்டியாகப் பாலிசி போட்டிருக்கும்போது, பின்னால் படுத்திருந்தவருக்கு அடிபட்டால் கிளெய்ம் நிற்பது கடினம். தேக்குக்கும் சோலாருக்கும் அறிவித்து பிரீமியம் கட்டாவிட்டால் அவற்றுக்கும் காசு வராது. லைசன்ஸில் மட்டும் கவலை இல்லை: 7,500 கிலோ வரை எல்எம்வி (இலகுரக வாகன) லைசன்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லடாக் கனவோடு எடுப்பவர்களுக்கு ஒன்று: டெல்லி வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிக்கு உள்ள கட்டுப்பாடு அடிக்கடி மாறும், கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பவர் செய்திருக்க வேண்டியது வேறு. கல்லைப் பெயர்த்து, எடைச் சீட்டு மூன்றையும் கையில் வைத்து, வயரிங்கை மாற்றி, ஆர்சியில் வகை மாற்றி எழுதியிருந்தால் பதினாறு வரை பேசலாம். இப்படியே நிற்கும் வண்டிக்கு எங்கள் கணக்கில் பன்னிரண்டரை. தேக்கைத் தனியாகக் கழற்றி விற்றாலே ஒரு தொகை வரும். கல்லுக்கு வராது, முழுசாகப் பெயராது. ஆடி மாதம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் விலை தானாக இறங்கும். ஆடியில் பேசி அட்வான்ஸ் போட்டுவிட்டு ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம். கன்சல்டிங் கமிஷன் இரண்டு பக்கமும் கேட்பார்கள், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணம் கைமாறும்போது 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு வாங்கிய அளவே அபராதம், அதாவது மாட்டுவது விற்பவர். 29ஆம் படிவம் இரண்டு பிரதி, 30ஆம் படிவம், கடன் இருந்திருந்தால் 35ஆம் படிவம். விற்றவர் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். ‘பேர் மாத்திக்கிறேன்ணே’ என்ற வாய்ப்பேச்சில் வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு. 2018 தீர்ப்பும் அதுதான். பெயர் மாறும் வரை கையில் இருக்க வேண்டியது டெலிவரி நோட், அதாவது வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு. அதில் தேதியோடு மணியும் எழுத வேண்டும், கிலோமீட்டர் ரீடிங்கும் எழுத வேண்டும். காலை பத்து மணிக்குக் கொடுத்த வண்டிக்கு ஒன்பதரை மணிச் சலான் வந்தால் விற்றவர் கட்டுவார், பத்தேகாலுக்கு வந்தால் வாங்கியவர்.