கப்பல் உடல் தகைவுமானி: பிரிட்ஜில் 5 மாதம் பார்த்த பிறகு

கப்பலின் உடல் எவ்வளவு தகைவு (stress) தாங்குகிறது என்று காட்டும் கருவி இது. வாங்கியது கம்பெனி, பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) அதன் முன்னால் வாட்ச் நின்றது நான். கன்டெய்னர் கப்பலில் சீஃப் ஆபீசர் வேலை.

டெக்கில் 2 மீட்டர் நீளக் கம்பிதான் இதன் உயிர். ஒரு முனை டெக்கோடு இறுக்கியது, மறுமுனையில் சென்சார். 100 மெகாபாஸ்கல் தகைவு ஏறினால் அந்த 2 மீட்டர் எஃகு சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்து, அனுமதித்த அளவில் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். அணியத்தில் (கப்பலின் முன்பகுதியில்) அசைவை அளக்கத் தனியாக ஒரு முடுக்கமானி உண்டு.

ஏற்றிய சுமையை வைத்துத் தகைவைக் கணக்கிடும் லோடிங் கம்ப்யூட்டர் இருக்க இது எதற்கு என்று கேட்டவன்தான் நானும். அதற்குச் சரக்கும் பலாஸ்டும் (சமநிலைக்கு ஏற்றும் தண்ணீர்) தெரியும். இன்று ராத்திரி அடிக்கிற அலை தெரியாது. விரிந்த அணியம் அலைமேல் விழுந்து அறைந்ததும் முழுக் கப்பலும் தட்டிய இரும்புச் சட்டம் மாதிரி நடுங்கும். விப்பிங் என்போம். பெரிய கப்பலில் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு துடிப்பு. அலை வளைக்கிற வளைவின் மேல் இதுவும் ஏறி உட்காரும். பிரிட்ஜ் அந்த அதிர்வின் கணுவுக்கு, அதாவது ஆடாத புள்ளிக்கு, பக்கத்தில் இருந்தால் காலுக்கு ஒன்றும் உறைக்காது, நடுக்கப்பல் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி எனக்கு அப்படித்தான். காபி கோப்பைகூட அசையவில்லை, திரையில் கோடு ரம்பம் போல. கேப்டனை எழுப்பினேன். "குறைங்க" என்றார். வேகம் குறைந்த பத்தே நிமிடத்தில் ரம்பப் பற்கள் மழுங்கின. அன்றைக்கு இதன்மேல் நம்பிக்கை வந்தது.

எரிச்சல்களும் உண்டு. முதல் பக்கத்தில் வருவது வடிகட்டிய சராசரி. விப்பிங் அதில் காணாமலே போகும். அசல் கோடு மூன்றாவது மெனுவில் ஒளிந்திருக்கிறது. இதை யார் யோசித்தார்களோ! வெயிலில் டெக் சூடானால் பூஜ்யமும் நகர்கிறது, துறைமுகத்தில் லோடிங் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

பெரிய குறை வேறு. 2013 ஜூன் 17 அன்று இந்தியப் பெருங்கடலில் எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற 316 மீட்டர் நீள கன்டெய்னர் கப்பல் நடுவில் முறிந்தது. கட்டி 5 வருடம்தான் ஆகியிருந்தது. 26 பேரும் பிழைத்தார்கள். முறிவு தொடங்கியது நடுப்பகுதியின் அடித்தட்டு நெளிந்ததில் என்றது விசாரணை. எங்கள் கருவியோ டெக்கை மட்டுமே பார்க்கிறது. அடித்தட்டுக்கும் சென்சார் கேட்டு எழுதினேன், "அடுத்த டிரைடாக்கில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுது பார்க்கும்போது) பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

ஐந்துக்கு மூன்றரை. புதிதாக வாங்குகிறவர்கள் அடியிலும் சென்சார் கேளுங்கள், அசல் கோட்டை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.